இடைக்கோடு

சவரிமுத்துவின் கடைக்குப் பெயர்
ரோஸ்லின் நெட் ஒர்க்ஸ்.
மகள் பிறந்த வருஷம் வைத்தது.
வெப்சைட் முகவரியிலும் அதுவே வேணும் என்றார்.

ராத்திரி பதினொன்றுக்குக்
கொசு கடித்து எழுந்தவன்
ரோஸ்லினையா தேடுவான், அண்ணே?

ஜன்னல்-கொசுவலை-பெரம்பூர்
அடித்துக் காட்டினேன்.
"நடுவுல இடம் விடக் கூடாதா?"
கூடாது, சொல்லுக்குச் சொல் ஒரு சிறுகோடு.
"வலை மாதிரி," என்றார்.
சிரித்தாரா, தெரியவில்லை.

'இங்கே சொடுக்கவும்' என்றிருந்த சுட்டிகளை அழித்து
பூனை கிழிக்காத வலை
பால்கனிக்குப் புறாவலை
சதுர அடி என்ன விலை
என்று மாற்றினேன்.
பழைய முகவரிக்கு வருபவரைப்
புதியதற்குத் திருப்பிவிட்டேன்,
அவர் வீட்டுக் கதவில்
பழைய எண் 14, புதிய எண் 37
இரண்டும் இருப்பதுபோல.

நாலாம் மாதம் முதல் பக்கம்.
மேலிருந்து மூன்றாவது.

ஐப்பசி மழை விட்ட ஒரு ராத்திரி
என் அறை வலையில் எலி போட்ட ஓட்டை.
காதோரம் ஒன்று விடாமல் பாடியது.
நான் கோத்த சொற்களை நானே அடித்துத் தேடி
நான் ஏற்றிவிட்ட எண்ணுக்கே அழைத்தேன்.

இரண்டாம் மணியில் எடுத்தார்.
"சொல்லுங்க, கொசுவலை பெரம்பூர்."

நான் அளவு சொல்லவில்லை.
ரோஸ்லின் நல்லா இருக்காளா என்றேன்.

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பிறகு, வாயைப் போனிலிருந்து திருப்பி,
உள்ளறைப் பக்கம்:
"ஏ புள்ள,
உன் பேரச் சொல்லி ஒரு போன் வந்திருக்கு."