மாங்கொட்டைக்கு ஒரு கீல்

வரைபடத்தில் அதன் பெயர் கண்ணீர்த்துளி.
எங்கள் தெருவில் யாரும் அப்படிச் சொல்லவில்லை.
ராயக்கோட்டை ரோட்டில் போகிறவர்கள்
ஸ்கூட்டரை ஒற்றைக் காலில் நிறுத்தி
"என்னாங்க இது, மாங்கொட்டையா?" என்றார்கள்.
அதுவே நிலைத்துவிட்டது.

முன்னால் உருண்டு பின்னால் கூம்பும் பிளைவுட் உடம்பு.
உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், புரளக் கூடாது.
பின்புறம் முழுக்க ஒரே மூடி.
தூக்கினால் அடுப்பு, அஞ்சறைப்பெட்டி, தண்ணீர்க் கேன்.
அந்த மூடி எதில் தொங்குவது
என்பதில்தான் எனக்கும் திம்மராஜுக்கும்
பதினேழு நாள் பேச்சுவார்த்தை.

அவன் வாங்கி வந்தது
நாலடி நீளப் பியானோ கீல்.
"நாப்பத்தாறு கணு, ஊசி ஒண்ணே ஒண்ணு.
யானை தொங்கினாலும் தாங்கும்."
நான் கணுக்களை எண்ணினேன்.
கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே நூலளவு இடைவெளி.
நாற்பத்தாறு கணு என்றால்
நாற்பத்தைந்து வாய்.
யானை தொங்கப் போவதில்லை,
மழை தொங்கும்.

"வாயை அடைச்சிடலாம்" என்றான்.
பஞ்சர் கடை ஷபீரிடம் லாரி டியூப் வாங்கி
நாலு விரல் அகலத்துக்கு நறுக்கி
கீலின் மேல் போர்த்தினான்.
திறந்தால் ரப்பர் இழுத்தது,
மூடினால் சுருண்டது.
மே மாத வெயிலில் எட்டாம் நாள்
சுருக்கத்தின் ஓரம் வெடித்திருந்தது.
அவன் அதைப் பார்த்தான்.
நான் பார்த்ததையும் பார்த்தான்.
அன்று ராத்திரி சாப்பாட்டில் பேச்சில்லை.

எனக்கு வேலை மாம்பழக்கூழ் ஆலையில்.
சீசனில் மணிக்கு நாலு டப்பாவை
வரிசையிலிருந்து எடுத்து, விளிம்பை அறுத்து,
லென்ஸுக்கு அடியில் வைத்து மடிப்பை அளப்பது.
உடம்பு ஒரு கொக்கி,
மூடி ஒரு கொக்கி.
ஒன்றுக்குள் ஒன்று போன தூரம்
ஒரு மில்லிமீட்டர் இருந்தால்
இரண்டு வருஷம் கெடாது தோத்தாபுரி.
ஆணி இல்லை, ஊசி இல்லை.
பதினோரு வருஷமாக என் கண்
அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் குடியிருக்கிறது.
வீட்டில் சொன்னால்
"டப்பா வேற, வண்டி வேற, நாகரத்னா."

ஓசூரில், பழைய இரும்புக் கடையில்,
எரிந்துபோன சொகுசுப் பேருந்தின்
லக்கேஜ் கதவு கிடந்தது.
எல்லாம் கரிந்தும் மேல்விளிம்பு மட்டும் பிழைத்திருந்தது.
இரண்டு அலுமினியப் பட்டை:
கூரையில் குனிந்த கொக்கி,
கதவில் நிமிர்ந்த கொக்கி.
பக்கவாட்டில் நுழைத்தால் சுழலும்,
பிடுங்க வராது.
கூரையில் ஓடி வரும் நீர்
மேலுதட்டைத் தாண்டி வெளியேதான் இறங்க வேண்டும்.
எடைக்குப் போட்டார்கள், முந்நூற்று இருபது ரூபாய்.
திம்மராஜ் மாட்டினான், கழற்றினான்,
மறுபடி மாட்டினான்.
"உன் டப்பாதான்" என்றான்.
அவ்வளவுதான் சொன்னான். எனக்குப் போதும்.

பட்டைக்கு அடியில் பியூட்டைல் டேப்,
கறுப்பு, பலாப்பால் மாதிரி பிசுக்கு.
ஒவ்வொரு ஸ்குரூவையும்
அதில் ஒரு தரம் புரட்டித் திருகினோம்.
காற்று சாரலைக் குறுக்கே தள்ளினால்?
நுனிகளை அரை அங்குலம் நீள விட்டோம்,
இறவாரம் போல.

சோதிக்க, பழைய குடையைக் கிழித்து
கறுப்புத் துணியைக் கீலுக்கு நேர் கீழே விரித்து
கோலமாவு தூவினேன்.
அவன் வெளியே ஹோஸ் பிடித்தான்,
இருபது நிமிஷம், எல்லாக் கோணத்திலும்.
மாவு மாவாகவே இருந்தது.

ஆனால் ஹோஸ் மழை இல்லை.

மழை சனிக்கிழமை ராத்திரி
சையத் பாஷா மலைப் பக்கமிருந்து வந்தது.
முதலில் புழுதி வாசனை, அப்புறம் கரண்ட் போனது.
இரண்டு பேரும் வண்டிக்குள் ஓடிப் படுத்தோம், டார்ச்சோடு.
கூரை பொரி பொரித்தது.
நடுப்பலகை இன்னும் வைக்கவில்லை,
அதனால் படுத்தபடியே கீல் தெரிந்தது.
வெளிச்சம் அதன் நீளத்துக்கும் போய் வந்தது,
போய் வந்தது.
காய்ந்திருந்தது. காய்ந்தேதான் இருந்தது.
அவன் பெருமூச்சு விட்டான்.

என் இடது புருவத்தில் ஒரு சொட்டு.

கீல் இல்லை.
கூரை நடுவே, விளக்குக்கு ஒயர் நுழைத்த துளை.
"சிரிக்காத" என்றான். சிரிக்கவில்லை.
கொண்டையில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
துளையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.
பக்கத்தில் தேதி, நேரம்,
ஆலையில் எழுதும் அதே எழுத்து.

பிறகு, அடுத்த சொட்டு அவனுக்கு என்று
புரளக் கூடாத இடத்தில்
கொஞ்சம் புரண்டு படுத்தேன்.