வாட்டம்

எத்திராஜ் அண்ணன் நல்ல மனுஷன்.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
என் மகளின் காதுகுத்துக்கு
தாய்மாமனுக்கு முன்னால் வந்து
நாற்காலி பிரித்துப் போட்டவர்.
எதிர்வீட்டு லாரி டிரைவர் செத்தபோது
ஓட்டேரிச் சுடுகாடு வரைக்கும்
தோள் மாற்றாமல் நடந்தவர்.
கவுன்சிலராக இருந்த ஐந்து வருஷமும்
ஒரு பைசா தொட்டதில்லை என்று
எதிர்க்கட்சிக்காரனே டீக்கடையில் சொல்வான்.

ஒரு கார்த்திகையில் எங்கள் வியாசர்பாடித் தெருவில்
இடுப்பளவு தண்ணீர், நான்கு நாள்.
வேட்டியை மடித்துக் கட்டி
பால் பாக்கெட் மூட்டையைத் தலையில் வைத்து
வீடு வீடாக வந்தார்.
என் கடைக்குள்
ஜெராக்ஸ் மிஷின் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்து
அழுதார். நானும் அழுதேன்.
தண்ணீர் அதையும் சேர்த்துக்கொண்டு
அங்கேயே நின்றது.

புதுக் கால்வாய் அவர் போட்டதுதான்.
பூசணிக்காய் உடைத்தோம், பட்டாசு வெடித்தோம்.
ரசமட்டம் வைத்துப் பார்க்க
ஒருத்தருக்கும் தோன்றவில்லை.
நடுத்தெருவைவிடத் தெருமுனை
நாலு விரற்கடை மேடு.

கொத்தனார் பேச்சில் வாட்டம் என்றால்
தண்ணீர் ஓடத் தரைக்கு வைக்கும் சரிவு.
தரையில் வைக்க மறந்தால்
அது முகத்தில் வந்துவிடுகிறது.

அடுத்த தேர்தலில் வார்டு பெண்களுக்கு என்றானது.
பிலோமினா ஜெயித்தார், நாற்பத்தொரு ஓட்டில்.
அதில் என்னுடையது இல்லை.
பாடியில் பம்ப் கம்பெனி ஒன்றில்
ஸ்டோர்ஸ் கணக்கு பார்த்தவர்.
சிரிப்பு வராது. வணக்கம் வைத்தால்
"சொல்லுங்க" என்பார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

ஒருநாள் சாயங்காலம்
கக்கத்தில் பழைய வரைபடச் சுருளோடு வந்தார்.
என் மிஷினுக்கு ஏ-த்ரீதான் முடியும்.
பதினாறு துண்டாக எடுத்து
செல்லோ டேப் ஒட்டித் தரையில் விரித்தோம்.
செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு
ஒரு கோட்டை விரலால் பிடித்துக்கொண்டே போனார்.
எங்கள் தெரு. பள்ளிக்கூடம். மசூதிச் சந்து.
காகிதத்தின் விளிம்பில் கோடு நின்றுபோனது.

"அப்புறம் எங்க போவுது?"

கூட வந்த இளநிலைப் பொறியாளர்
"அது பக்கத்து மண்டலம் மேடம்" என்றார்.

"அந்தப் பேப்பரும் வேணும்."

அவ்வளவுதான் பேச்சு.
போகும்போது பாக்கி இரண்டு ரூபாயைக்
கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மகள் பெரியவளானபோது பத்திரிகை வைத்தேன்.
வரவில்லை.
அன்று முழுக்க
பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் நின்று
துருப்பிடித்த ஷட்டருக்கு
கிரீஸ் போட வைத்துக்கொண்டிருந்தாராம்.
கிரீஸுக்கு இருக்கிற மரியாதைகூட
நமக்கு இல்லை என்றாள் என் மனைவி.
நானும் ஆமாம் என்றேன்.

மழை வந்தது. அதே மாதிரிதான் வந்தது.
ராத்திரி ஒன்றரை மணிக்கு
தெருமுனையில் டீசல் பம்ப் இருமிக்கொண்டு ஓடியது.
மிஷினை மேசைமேல் ஏற்றிவிட்டு
வாசலில் உட்கார்ந்திருந்தேன்.
முதல் படி ஏறியது தண்ணீர்.
இரண்டாம் படியில் கொஞ்சம் யோசித்தது.
விடிவதற்குள் முதுகைக் காட்டிப் போய்விட்டது.

படகு இல்லை. ரொட்டிப் பொட்டலம் இல்லை.
கேமரா தூக்கிக்கொண்டு யாரும் வரவில்லை;
வடிந்த தெருவில் எடுக்க என்ன இருக்கிறது?
பையன்கள் பள்ளிக்கூடம் போனார்கள்,
லீவு விடவில்லையே என்று திட்டிக்கொண்டு.

இப்போது மறுபடி தேர்தல்.
எத்திராஜ் அண்ணன் சம்சாரம் நிற்கிறார்.
நோட்டீஸ் நகலெடுக்க அண்ணனே வந்தார்.
என் கையைப் பிடித்துக்கொண்டு
"நம்ம யாழினி எத்தனாவது படிக்குது?" என்றார்.
பிலோமினாவுக்கு என் மகள் பேர் தெரியாது.
என் கடை வாசற்படி
கடல் மட்டத்துக்கு எத்தனை அடி மேலே என்று
தெரியும்.

ஆயிரம் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.
காசு வேண்டாம் என்றேன்.
அண்ணன் கண் கலங்கினார்.

வெளியே கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.
மிஷினைத் துடைத்து, உறை போட்டு,
இந்த வருஷம் மேசைமேல் ஏற்றாமல்
தரையிலேயே விட்டுவிட்டு
ஷட்டரை இழுத்துப் பூட்டினேன்.