பொருளாளர் எழுதிய கணக்கு

தீபாவளிக்கு நாலு நாள் இருக்க,
பாலக்கோடு சந்தைத் திடலில்
சங்கத்து பேனர் ஏறியாயிற்று.
போன வருஷத்து பேனர்தான்.
கடைசி எண்ணின்மேல் ஸ்டிக்கர் ஒட்டியது நான்.

நூற்றிருபது சேலை, அரைக்கிலோ இனிப்பு.
ஒரு முனையைத் தலைவர் சென்னகேசவன் பிடிக்க
மறுமுனையை வாங்குகிறவர் பிடிக்க,
"சிரிங்கம்மா" என்கிறான் போட்டோக்காரப் பையன்.

கெம்பம்மாள் சிரித்தாள்.
சிரித்த வேகத்தில் முந்தானை
வாய்க்குப் போய்விட்டது.
பின்னால் நின்ற மருமகளும் உதட்டை இறுக்கினாள்.
அவள் இடுப்புப் பிள்ளைக்கு மட்டும்
நாலே நாலு பல்,
வெள்ளை வெளேரென்று.

எனக்குத் தெரியும் அந்தக் காவி.
போர்த்தண்ணீர் போட்ட கையெழுத்து.
நான் மீசை வளர்த்ததே அதை மறைக்கத்தான்.

அவர்கள் ஊரில்தான்
சுத்திகரிப்பு மெஷின் வைத்தோம்.
கல்வெட்டில் பதினோரு பெயர், ஒன்பதாவது என்னுடையது.
ஆனியிலேயே மெம்பிரேன் போய்விட்டது.
கல்வெட்டுக்கு ஒரு குறையுமில்லை.

ராத்திரி கணக்கெழுதினேன்:
சேலை, பந்தல், மைக்செட்,
நிருபர்களுக்கு டிபன்.
புத்தாண்டுக் காலண்டருக்கு ஒதுக்கியது பதினெட்டாயிரம்.
மெம்பிரேன் பத்தொன்பதாயிரத்து ஐநூறு.

தலைவருக்குப் போன் போட்டேன்.
"காலண்டர் இல்லாமலாய்யா?
இன்னிக்கு எடுத்த போட்டோவை எதில் போடுறது?"
அப்புறம் அவரே,
"அந்தப் பொம்பளை ஏன் வாயை மூடிக்கிட்டுது?"

அவருக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல்.
நான் பதில் சொல்லவில்லை.
அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது,
விளம்பரம் வந்து, போய்,
மறுபடி வந்தது.

"மிச்சம் ஆயிரத்தைநூறுக்கு
எவன்யா கட்டுவான்?" என்றார்.

கணக்கு நோட்டில்
காலண்டர் என்ற சொல்லை
ஒரே கோடாக அடித்தேன்.