வெற்று அடைப்புக்குறி

டிசம்பர். மூன்று மணிக்கே இருட்டிவிட்டது பூடோவில்.
படகின் சரிவுப்பலகை பாதியில் நின்று நடுங்குகிறது.
மீன் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

தூர்டிஸின் முழங்காலில் மடிக்கணினி.
கம்பைலர் வாய் திறக்கவில்லை.
எச்சரிக்கைகூட இல்லை.

நாற்பதாயிரம் வரிகளுக்கு அடியில்
ஒரு செயற்கூற்றின் முகவரி,
பக்கத்தில் வெற்று அடைப்புக்குறி.
ஒன்றும் வேண்டாம் என்கிறது என்றே
இத்தனை நாள் வாசித்திருந்தாள்.
அது சொன்னது வேறு:
எது தந்தாலும் சரி.

தசமம் கேட்ட இடத்துக்கு
முழு எண் போயிருக்கிறது.
வாங்கியது முகம் சுளிக்கவில்லை.
கிடைத்த பிட்டுகளைத் தன் பாஷையில் படித்து
பலகையை இறக்கியது.

அடைப்புக்குள் ஒரே ஒரு சொல் தட்டுகிறாள்.
முதல்முறையாகக் கத்துகிறது கம்பைலர்,
பதினேழு இடங்களில்.

லாரிக்காரனுக்குக் கை காட்டுகிறாள்:
எஞ்சினை அணை.