குழாய் பிடிப்பவள்

அலுவலகம் என்பது
மிதவைமேல் ஏற்றிவைத்த ஒரு தகரக் கொள்கலன்.
கெயோன் துறையில் அன்றைக்கும் மழை.
கதவைத் தட்டுமுன்
கையுறைகளைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன்.
பிறகு எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டேன்.
விரல்நுனி கிழிந்திருப்பது
அவருக்கும் தெரியட்டும்.

ஓபர்ராய்த்தர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"உட்காருங்கள், எதெல்மிரா."
உட்கார்ந்தால் குரல் சிறுத்துவிடும் என்று
நிபால்தோ சொல்லி அனுப்பியிருந்தான்.
உட்கார்ந்தேன்.
என் முழங்கால் வலி அவனுக்கா தெரியும்?

வாங்குவது ஆறு லட்சத்து இருபதாயிரம் பெசோ,
எட்டு லட்சம் வேண்டும் என்றேன்.
படகில் வரும்போது பதினோரு முறை சொல்லிப் பார்த்த வாக்கியம்.
எண்ணை முதலில் போடு, காரணம் பின்னால் வரட்டும்
என்பது தங்கை ரோசெந்தாவின் யோசனை.
வங்கியில் தரை துடைக்கிறாள் அவள்.
சரியாக மூடாத கதவுகளின் வழியே
நிறையக் கேட்டிருக்கிறாள்.

அவர் சால்மன் விலை சொன்னார்.
டாலர் சொன்னார்.
கடல்பேன் மருந்துக்கு ஆன செலவைச் சொன்னார்.
அப்புறம் கொஞ்சம் சிரித்து,
"குழாயின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு
நிற்கிற வேலைதானே" என்றார்.

ஆமாம் ஐயா.
மறு நுனி ஒருவன் வாயில் இருக்கிறது.

இதைச் சொன்னேனா, நினைத்தேனா,
இப்போது உறுதியில்லை.
உறுதியாகச் சொன்னது வேறு:
போன ஆகஸ்டில் காற்றுப்பொறி இருமியது.
எரிந்த எண்ணெய் வாடை குழாய்க்குள் இறங்குமுன்
என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.
இருபத்தாறு மீட்டர் அடியில்
செத்த மீன்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தவனை
மாற்றுக் காற்றில் வைத்து
நிறுத்தி நிறுத்தி மேலே கொண்டுவந்தேன்.
அந்த மாதம் எனக்கு அரைநாள் பிடித்தம்.
காரணம்: வேலை தடைபட்டது.
சம்பளச் சீட்டை மேசைமேல் வைத்தேன்.
ஈரத்தில் மை கலங்கியிருந்தது,
எண் கலங்கவில்லை.

பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்.
ஐந்து மீட்டரில் அவன் தொங்கிக்கொண்டிருக்கும் நிமிடங்களில்
நான் வேறென்ன செய்கிறேன்?
ஏறுகிறவனை அவசரப்படுத்தினால்
ரத்தத்தில் குமிழி கட்டும்.
ஓபர்ராய்த்தருக்கோ ஒரு நிமிடம் தாங்கவில்லை.
பேனாவைத் திறந்தார், மூடினார்.
காபியை ஆறவிட்டார்.
சமையல்காரப் பையனுக்கு என்னைவிட
முப்பதாயிரம் அதிகம் என்பது
எனக்குத் தெரியுமா தெரியாதா என்று
ஆழம் பார்க்கிறார்.
பார்க்கட்டும்.
ஆழம் என் தொழில்.

"ஏழு லட்சத்துப் பத்தாயிரம்,"
ஜன்னலிடம் சொன்னார்.
கேட்ட உயர்வில் சரிபாதி.
"கையுறையும்" என்றேன்.
"எழுத்தில்" என்றேன்.
எழுதினார்.
என் குடும்பப் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தார்.
திருத்தச் சொன்னேன்.

கூண்டுப் பக்கம் திரும்பியபோது
நிபால்தோ இறங்கியிருந்தான்.
எனக்குப் பதில் நின்ற சமையல்காரப் பையன்
உயிருள்ள பாம்பை ஒப்படைப்பதுபோல்
குழாயைத் தந்துவிட்டு ஓடினான்.

ஓர் இழுப்பு என்றால் நலம்.
இரண்டு, தளர்த்து.
மூன்று, ஏறுகிறேன்.
நான்கு வந்தால் எதுவும் யோசிக்காமல் இழு.

கீழேயிருந்து ஒன்று வந்தது.
நலம் என்கிறானா,
என்ன ஆயிற்று என்கிறானா?
பாதி கிடைத்தது என்பதற்கு
எங்களிடம் இழுப்பு இல்லை.

ஒன்று இழுத்தேன்.
சற்றுப் பொறுத்து,
விதியில் இல்லாத ஓர் அரை இழுப்பு.

கறுத்த தண்ணீரில்
கொத்தாகக் குமிழிகள் வந்து உடைந்தன.
சிரிக்கிறான் போல.
இல்லை, தனக்கு எவ்வளவு கேட்கலாம் என்று
கணக்குப் போடுகிறானோ.