கலந்து அவித்தது

பலெர்மோவிலிருந்து மச்சாள் அனுப்பிய பெட்டியில்
ஒன்பது பக்கெற்.
ஒரே மா, ஒன்பது பேர்.

இது பென்னே, அது ரிகத்தோனி என்றாள் வட்ஸ்அப்பில்.
இரண்டும் குழாய்தானே என்றேன்.
தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன் நான்,
முக்கால் இஞ்சிக் குழாயும் ஒரு இஞ்சிக் குழாயும் ஒன்றல்ல என்று
பரந்தன் சந்தியில் நாள்தோறும் சண்டை பிடிக்கிறவன்,
அதைச் சொல்லியிருக்கக் கூடாது.
“அப்ப மோதகமும் கொழுக்கட்டையும் ஒண்டோ அத்தான்?”
வாயை மூடினேன்.

லிங்குவீனே என்றால் நாக்காம்.
ஓரெக்கியெத்தே, சின்னக் காது.
பார்பல்லே வண்ணத்துப்பூச்சி; டிலக்சிகா அதைப்
பள்ளிக்கூட ரிபன் என்கிறாள், அவள் சொன்னதுதான் சரி.
வெர்மிச்செல்லி, குட்டிப் புழு.
இவ்வளவு காலமும் நாங்கள்
புழுவிலா பாயாசம் காய்ச்சினோம்?

இன்றைக்கு எல்லாப் பக்கெற்றிலும் அடி மிச்சம்தான்.
ஒரே சட்டியில் கொட்டினேன்.
எட்டு நிமிடம் என்று எழுதியது கரைந்தது.
பதின்மூன்று நிமிடம் என்று எழுதியது பல்லோடு மல்லுக்கு நின்றது.
செத்தல் மிளகாய், உள்ளி, கறிவேப்பிலை,
பொரித்த நெத்தலிக் கருவாடு,
இறக்கும்போது கட்டிப்பால்,
கடைசியில் அரைத் தேசிக்காய்.
மச்சாளுக்குப் படம் அனுப்பவில்லை.

தர்மினி வேலையால் வந்தாள்.
முகமாலையில் இன்று முழங்காலில் இருந்து
அவள் கிளறி முடித்தது ஒரு பாய் அகலம்.
குளித்துவிட்டு வந்து கோப்பையைப் பார்த்தாள்.
“ஒவ்வொண்டுக்கும் ஒரு பேர் இருக்கு, சொல்லட்டோ?”
“வேண்டாம். பகல் முழுக்க
வடிவம் பாத்துப் பேர் சொல்லுறதுதான் என்ர வேலை.”

பயிற்சியில் படம் காட்டிப் பாடமாக்க வைத்தார்களாம்.
வட்டம் என்றால் இது, மரப்பெட்டி என்றால் அது.
இலக்கமே பேரானவை சில.
ஒன்றிரண்டுக்கு ஆட்களின் பேர்.
அந்தப் பேர்களை அவள் வீட்டில் சொல்வதில்லை.
எங்கள் ஒழுங்கையில்
அதே பேரில் ஒரு பொடியன் இருக்கிறான்,
பின்னேரங்களில் வேலிக்கு மேலால் பந்து கேட்டு வருவான்.

உறைப்புக் காணாது என்றாள்.
பிறகு இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள்.

அவிக்கவிடாமல் ஒரு பிடியை மட்டும் டிலக்சிகா
பென்சில் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தாள்:
அனெல்லெத்தி, குட்டி மோதிரங்கள்.
தாயின் இடது சின்னவிரலில் ஒன்றை மாட்டப் பார்த்தாள்.
நகத்தோடு நின்றுவிட்டது.
தாயின் உண்மையான மோதிரம் அலுமாரியில்,
ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்.
போட்டுக்கொண்டு போனால் மிஷின் கத்தும்.
“இதுக்குக் கத்தாது அம்மா.”

தர்மினி சிரிக்கவில்லை.
கழற்றவும் இல்லை.
அந்த விரலைத் தனியே நீட்டி வைத்தபடி
மற்றக் கையால் சாப்பிட்டாள்.

சட்டியின் அடியில் பிடித்ததை நான் சுரண்டினேன்,
காதா, ரிபனா, ஒன்றும் விளங்கவில்லை.
“நாளைக்குப் புட்டு” என்றேன், பொதுவாக.

அவள் நிமிர்ந்தாள்.
“குழலோ, நீத்துப்பெட்டியோ?”