எண்பத்தேழு

கைப்பேசியில் வந்தது அபராதம்.
வேகம்: மணிக்கு எண்பத்தேழு கிலோமீட்டர்.
வாகனம்: என் மெட்டடோர்.

இரண்டு தடவை படித்துவிட்டு
இறங்கி வந்து அதைப் பார்த்தேன்.
ஒன்றும் தெரியாததுபோல்
ஆடுகோடி ஐஸ் ஃபாக்டரி வாசலில்
வலது சக்கரத்தைச் சேற்றில் வைத்து நின்றிருந்தது.

தொண்ணூற்றாறாம் வருஷத்து இன்ஜின்.
நாற்பத்திரண்டைத் தாண்டினால்
கியர் தடியில் தொடங்கும் நடுக்கம்
என் கடைவாய்ப் பல்லுக்கு வந்து சேரும்.
அதற்குமேல் நான் கேட்டதில்லை,
அது கொடுத்ததுமில்லை.

விடிகாலை நாலரைக்கு
பன்னிரண்டு பாளம், ஈரச் சாக்கு, மரத்தூள்.
சில்க் போர்டு தாண்டியதும் சாலை இரண்டாகும்.
மேலே போனால் டோல், கீழே போனால் சிக்னல்.
டோல் பணமாகக் கேட்கும்.
சிக்னல் தண்ணீராகக் கேட்கும்.
கணக்குப் போட்டால் மேலேதான் லாபம்.
பயமும் மேலேதான்.

பாலத்தில் ஏறியதும்
வட்டத்துக்குள் எண்பது என்றொரு பலகை.
அதற்கு மேல் போகாதே என்றுதான் அர்த்தம்.
பின்னால் வருகிறவர்கள் மட்டும்
அதற்குக் கீழே போகாதே என்று படிக்கிறார்கள்.
விளக்கை அடித்து அடித்து
என் பக்கக் கண்ணாடியை வெள்ளையாக்குகிறார்கள்.
லாரி ஒன்று உரசிப் போனால்
வண்டி ஒருமுறை மூச்சை இழுத்துக்கொள்ளும்.
இடது ஓரம், இன்னும் இடது,
இதற்கும் இடது என்றால் வெறும் காற்று.

ஒருநாள் ஒருவன் கண்ணாடியை இறக்கி
'மியூசியம் கஸ்தூர்பா ரோட்டில் இருக்கு' என்றான்.
நல்லாத்தான் சொன்னான். நானும் சிரித்தேன்.
அதற்குள் அவன் அரை கிலோமீட்டர் போயிருந்தான்.

நான் போன வழி நெடுக ஓர் ஈரக்கோடு.
வெயில் ஏறினால் அதுவும் இருக்காது.
பொம்மசந்திராவில் ரெஹானா
மீன்பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருப்பாள்.
'பாளம் இளைச்சிருக்கே' என்பாள், தினமும்.
இளைத்ததற்குப் பணம் பிடித்துக்கொள்வாள்.
நியாயம்தான்.
மீனுக்கு என் இன்ஜினின் வயசு எப்படித் தெரியும்?

அபராதத்தோடு படம் ஒன்றும் இருந்தது.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
நடுவில் ஒரு கறுப்புக் கார், கலங்கலாய்.
ஓரத்தில் என் நம்பர் பலகை,
ஆயுதபூஜைக்கு அப்பிய மஞ்சள் உட்பட
அத்தனை தெளிவு.
பறந்தவன் கலங்கிவிட்டான்.
ஊர்ந்தவன் விழுந்துவிட்டேன் படத்தில்.

கிளீனர் நயாஸ் சொன்னான்:
'கட்டிடாதண்ணே. ஃப்ரேம் போடு.'

டிராஃபிக் ஸ்டேஷனில்
ஹெட் கான்ஸ்டபிள் புட்டசாமி படத்தைப் பார்த்தார்,
ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தார்,
மறுபடி படத்தைப் பார்த்தார்.
உள்ளேயிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினார்.
'தணிகாசலம், உட்காருப்பா' என்று
டீ வாங்கிக் கொடுத்தார்.
பிறகு மனுவின் மூலையில்
கன்னடத்தில் ஒரு வரி எழுதி முத்திரை குத்தினார்:
இந்த வாகனத்துக்கு இந்த வேகம் சாத்தியமில்லை.

ஆயிரம் ரூபாய் மிச்சம்.
சந்தோஷப்பட வேண்டியதுதான்.
படியிறங்கும்போது ஏனோ
பெண்ணைக் காட்டிவிட்டு
வேண்டாம் என்ற பதிலோடு திரும்புகிற
அப்பனைப் போலிருந்தது.
கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினேன்.

மறுநாள் உகாதி. பாலத்தில் ஆளே இல்லை.
அதற்கடுத்த நாள் ஊரே கறியும் மீனும் கேட்கும் என்று
ரெஹானா முன்னாலேயே ஐஸ் சொல்லியிருந்தாள்.
எலக்ட்ரானிக் சிட்டி இறக்கத்தில்
காலை வைத்தேன். எடுக்கவில்லை.
நாற்பத்திரண்டு. நாற்பத்தாறு. பல் ஆடியது.
நயாஸ் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு
என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தான்.
ஐம்பத்தொன்று.
பின்னால் பாளங்கள் ஒன்றையொன்று முட்டி
சமையல்கட்டில் அண்டா உருள்கிற சத்தம்.
ஐம்பத்துமூன்றில்
ஒரு மாதிரி இருமி
போதும் என்றது.

அன்றைக்குப் பாளம் இளைக்கவில்லை.
ரெஹானா ஒன்றும் சொல்லாமல்
முழுப் பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

நாலு பாளம் உடைந்து கிடந்ததை
அப்புறம்தான் பார்த்தாள்.